காவல் துறையை விசாரிப்பது யார்?

காவல் நிலையத்தில் ஒருவர் இறந்துபோனால் அடுத்து நடப்பவை இன்று ஏறக்குறைய ஒரு சடங்காகிவிட்டன. முதலில் வலிப்பு, நெஞ்சுவலி என்று ஏதேனும் ஒரு காரணம் சொல்லப்படும். உறவினர்கள் உடலை வாங்க மறுப்பார்கள். உடற்கூறாய்வு அறிக்கை வந்ததும் சில காவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்படுவார்கள். வழக்கு சிபிசிஐடிக்கோ சிபிஐக்கோ மாற்றப்படும். நிவாரணத் தொகையும் அரசு வேலையும் அறிவிக்கப்படும். "காவல் துறையில் சீர்திருத்தம் வேண்டும்" என்று எல்லாக் கட்சிகளும் அறிக்கை விடும். பிறகு அடுத்த மரணம் வரை அமைதி நிலவும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது இதைப் பார்த்தோம். 2022 ஏப்ரலில் சென்னைத் தலைமைச் செயலகக் குடியிருப்புக் காவல் நிலையத்தின் பிடியில் இருந்த 25 வயது இளைஞர் இறந்தபோதும் பார்த்தோம். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் நகைத் திருட்டு விசாரணையில் அடித்துக் கொல்லப்பட்டபோதும் பார்த்தோம். ஆட்சிகள் மாறின, காட்சி மாறவில்லை.

சென்னை நகரக் காவல் துறையின் வரலாற்றைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். பழைய அறிக்கைகளையும் சட்டங்களையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. நவீனக் காவல் துறை இம்மண்ணில் பிறந்ததே ஒரு சித்திரவதை விசாரணையின் விளைவாகத்தான். அந்த விசாரணை எழுப்பிய கேள்விகளில் நிர்வாகத்துக்கு வசதியானவற்றுக்கு விடை காணப்பட்டது. வசதியற்ற கேள்வி ஒன்று 170 ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது.

சென்னையில் தொடங்கிய குரல்

1852-இல் சென்னையில் காஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை சுதேசி சங்கம், கிழக்கிந்திய கம்பெனி ஆட்சியின் கொடுமைகளை விவரித்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. 'கிரசன்ட்' என்ற பத்திரிகையை நடத்தியவரும் அவரே. அம்மனுவைத் தொடர்ந்து 1853-இல் இங்கு வந்த நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று குடியானவர்களின் நிலையை நேரில் காணச் செய்தார் லட்சுமிநரசு. நிலவரி வசூலிக்கச் சித்திரவதை பயன்படுத்தப்படுகிறது என்ற குற்றச்சாட்டு 1854 ஜூலையில் லண்டனில் மக்களவையில் எழுந்தது. மறுக்க முடியாத நெருக்கடியில் சென்னை அரசு மூவர் ஆணையம் ஒன்றை அமைத்தது.

அந்த மூவரும் யார் என்பது இன்றைக்கும் முக்கியமானது. ஒருவர் எட்வர்ட் எலியட். சென்னை நகரின் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் காவல் கண்காணிப்பாளராகவும் இருந்தவர். பெசன்ட் நகர் கடற்கரைக்கு அவர் பெயர்தான் வழங்குகிறது. இரண்டாமவர் ஸ்டோக்ஸ், கம்பெனியின் சிவில் அதிகாரி. மூன்றாமவர் ஜான் புரூஸ் நார்ட்டன், வழக்கறிஞர். கம்பெனி நிர்வாகத்தையும் நீதிமன்றங்களின் தரத்தையும் அச்சில் கடுமையாகச் சாடியவர். தன் மீதான புகாரை விசாரிக்கும் குழுவில் தன்னை வெளிப்படையாக விமர்சித்த ஒருவருக்கும் இடம் தந்தது ஓர் அந்நிய வணிக நிறுவனத்தின் அரசு.

ஆணையம் பொதுமக்களிடமிருந்து நேரடியாகப் புகார்களைப் பெற்றது. நேரில் வந்தவர்கள் 519 பேர். கடிதம் வழியே வந்த புகார்கள் 1,440. தொடக்கத்தில் வரி வசூலைப் பற்றியதாக இருந்த விசாரணை, குற்றங்களை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காக நடந்த துன்புறுத்தல்களுக்கும் விரிந்தது. 1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. சித்திரவதை நடக்கிறது என்று அது ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. விரல்களை இரண்டு கோல்களுக்கு இடையே நெரிக்கும் 'கிட்டி', உடலை வளைத்துக் கட்டி வெயிலில் வைக்கும் 'அண்ணாந்தாள்' ஆகிய இரண்டும் மிகப் பரவலான முறைகள் என்று அது குறிப்பிட்டது. நம் மொழியின் சொற்கள் ஆங்கிலேயரின் அரசு ஆவணத்தில் இப்படியும் நுழைந்திருக்கின்றன.

அறிக்கைக்குக் குறைகள் உண்டு. கொடுமை முழுவதையும் உள்நாட்டுச் சிப்பந்திகள் தலையில் கட்டி, ஐரோப்பிய அதிகாரிகளை அது பெரிதும் காப்பாற்றியது. ஆனால் ஒன்றை அது துல்லியமாகக் கண்டுகொண்டது. அடித்தவனுக்கு எதிராக முறையிட இடமில்லாததே அடி தொடர்வதற்குக் காரணம் என்பதே அது. மாவட்டத் தலைநகர் தொலைவு, செல்லக் காசில்லை, சென்றாலும் மனு கீழிறங்கி, புகாருக்கு உள்ளான அலுவலகத்துக்கே வந்து சேரும்.

எது மாறியது?

அன்று தாசில்தாரே வரி வசூலிப்பவர். அவரே காவலுக்கும் தலைவர். 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் செய்த ஏற்பாடு இது. வருவாயையும் காவலையும் பிரிக்க வேண்டும் என்பதே ஆணையத்தின் அறிக்கையிலிருந்து அரசு எடுத்துக்கொண்ட முதன்மைப் பாடம். 1859-இல் சென்னை மாகாணக் காவலுக்கெனத் தனிச் சட்டம் வந்தது; வில்லியம் ராபின்சன் முதல் தலைமை ஆய்வாளரானார். இந்தச் சென்னை மாதிரியே 1861-ஆம் ஆண்டின் இந்தியக் காவல் சட்டத்துக்கு வழிகாட்டியது. நகரத்துக்குத் தனி ஏற்பாடு: 1856-ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் ஆணையர் முறை வந்தது, 1888-இல் சென்னை நகரக் காவல் சட்டம் இயற்றப்பட்டது. திருத்தங்களோடு அந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2022-இல் தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்கள் ஆனபோதும் அதே ஆணையர் முறைதான் விரிந்தது.

காவல் அதிகாரியிடம் தரப்படும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதியும் இக்காலத்தில்தான் வந்தது. 1861-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25, 26-ஆம் பிரிவுகளாக அது நிலைபெற்றது. 'உங்களை நம்ப மாட்டோம்' என்று காவல் துறையிடம் சட்டமே சொன்ன விதி அது. ஆனால் 27-ஆம் பிரிவு பின்கதவு ஒன்றைத் திறந்து வைத்தது. காவலில் இருப்பவர் தரும் தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவல் மட்டும் சாட்சியமாகும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்திலும் 23-ஆம் பிரிவில் இவை மூன்றும் அப்படியே தொடர்கின்றன.

இதன் நடைமுறைப் பொருள் எளிது. 'நான் திருடினேன்' என்று ஒருவரைச் சொல்ல வைப்பதால் பயனில்லை. 'நகையை இங்கே வைத்தேன்' என்று சொல்ல வைத்தால் பயன் உண்டு. மடப்புரத்தில் கேட்கப்பட்டதும் நகை எங்கே என்பதுதான். அந்தக் காவலாளியின் உடலில் 44 காயங்கள் இருந்தன.

வரலாறு செய்த கேலி

வருவாய்த் துறையின் பிடியிலிருந்து காவலைப் பிரித்தால் சித்திரவதை ஒழியும் என்று 19-ஆம் நூற்றாண்டு நம்பியது. 2020 ஜூன் இறுதியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிறப்பித்த ஓர் உத்தரவை இங்கே நினைவுகூர வேண்டும். சாத்தான்குளத்தில் விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவருக்குக் காவலர்கள் ஒத்துழைக்க மறுத்தார்கள். தடயங்கள் அழிக்கப்படலாம் என்ற அச்சம் எழுந்தது. அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் கொண்டுவருமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது.

தாசில்தாரிடமிருந்து மக்களைக் காப்பாற்றக் காவல் துறையை உருவாக்கினார்கள். 160 ஆண்டுகளுக்குப் பிறகு, காவல் துறையிடமிருந்து சாட்சியங்களைக் காப்பாற்ற வருவாய்த் துறையை அனுப்ப வேண்டியிருந்தது. அதிகாரத்தை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு மாற்றியதோடு சீர்திருத்தம் நின்றுவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மூன்று சம்பவங்களிலும் உண்மை எப்படி வெளிவந்தது என்று பாருங்கள். சாத்தான்குளத்தில் நீதித்துறை நடுவரின் நேரடி விசாரணையும், அச்சத்தோடு சாட்சியம் சொன்ன ஒரு பெண் தலைமைக் காவலரின் துணிவும் உதவின. சென்னையில் வலிப்பு என்று முதலில் சொல்லப்பட்டது. உடற்கூறாய்வில் 13 காயங்கள் தெரிந்த பிறகே கொலை வழக்கானது. மடப்புரத்தில் ஒருவர் மறைந்திருந்து கைப்பேசியில் எடுத்த காணொளி பேசியது. காவல் துறையின் சொந்தக் கட்டமைப்புக்கு வெளியே ஒரு கண் இருந்தபோது மட்டுமே உண்மை தப்பிப் பிழைத்தது. தனிமனிதத் துணிவால் தப்பித்தவை இவை. துணிந்த ஒருவர் இல்லாத இடங்களில் என்ன நடந்திருக்கும்?

ஆணையங்களுக்குப் பஞ்சமில்லை

1902-இல் கர்சன் பிரபு அமைத்த ஃபிரேசர் ஆணையம், காவல் துறை திறமையற்றது, ஊழல் மலிந்தது, மக்களை ஒடுக்குவது என்று எழுதியது. விடுதலைக்குப் பின், நெருக்கடி நிலையின் அனுபவத்தை அடுத்து, 1977-இல் தரம் வீரா தலைமையில் தேசியக் காவல் ஆணையம் அமைந்தது. 1979 முதல் 1981 வரை அது எட்டு அறிக்கைகள் தந்தது. காவல் மரணங்களில் நீதித்துறை விசாரணை கட்டாயம் என்பது அதன் முதல் அறிக்கையிலேயே இருந்தது. அந்தப் பரிந்துரை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏறக் கால் நூற்றாண்டு ஆனது.

1996-இல் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு வழிகாட்டுதல்களை வழங்கியது. அவற்றுள் ஒன்று, காவலர்கள் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டங்களிலும் தன்னாட்சி பெற்ற ஆணையங்கள் வேண்டும் என்பது. மாநில அளவில் உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

தமிழ்நாடு இதற்காக 2013-இல் காவல் (சீர்திருத்தங்கள்) சட்டத்தை இயற்றியது. அதன்படி மாநிலப் புகார் ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர். உறுப்பினர்கள் காவல் துறைத் தலைமை இயக்குநரும் கூடுதல் தலைமை இயக்குநரும். மாவட்டத்தில் தலைவர் ஆட்சியர். உறுப்பினர்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் கூடுதல் கண்காணிப்பாளரும். கண்காணிப்பாளரின் கீழ் இயங்கும் நிலையத்தின் மீதான புகாரைக் கண்காணிப்பாளரே அமர்ந்து விசாரிப்பார் என்பது இதன் பொருள். 1855 அறிக்கை சுட்டிய அதே சுழல்வழிதான் இது.

1854-இன் குழுவையும் 2013-இன் குழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முன்னதில் ஒரு நார்ட்டன் இருந்தார். பின்னதில் அரசு ஊழியர் அல்லாத ஒருவருக்குக்கூட நாற்காலி இல்லை. மக்களாட்சி தன் குடிமக்களுக்குத் தரும் வாய்ப்பு, கம்பெனி ஆட்சி தந்ததைவிடக் குறைவாக இருக்கலாமா?

மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது செய்திருக்கும் பணிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது பெரிய முன்னேற்றம். ஆனால் அதன் சட்டப்படி, சம்பவம் நடந்து ஓராண்டு கடந்த புகார்களை அது விசாரிக்க இயலாது. அதன் புலனாய்வுப் பிரிவுக்கு ஆட்களைத் தருவதும் மாநில அரசே. தலைமை தாங்குவது காவல் உயரதிகாரி ஒருவரே.

நம் பங்கு

காவல் துறையை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 'தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்து கை முறிந்தது' என்ற செய்தியோடு மாவுக்கட்டுப் படம் வரும்போது சிரித்துப் பகிர்பவர்கள் நாம்தான். திரையில் விசாரணை அறையின் கதவு மூடும்போது கைதட்டுபவர்களும் நாம்தான். நம் வீட்டு நகை தொலைந்தால் 'நாலு தட்டு தட்டிக் கேளுங்கள்' என்று காவல் நிலையத்தில் சொல்லக்கூடியவர்களும் நாம்தான். அடி யார் மீது விழும் என்பதில் நமக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது: அது நம் மீது விழாது. காவல் நிலையத்தில் இறந்தவர்களின் பட்டியலில் கடைக்காரரும் காவலாளியும் இருக்கிறார்கள் என்பதை அந்த நம்பிக்கை கவனிப்பதில்லை.

வெளியார் விசாரணை காவலர்களின் மன உறுதியைக் குலைக்கும் என்ற வாதமும் உண்டு. இதைப் புறந்தள்ளக் கூடாது. நீண்ட பணிநேரமும் விடுப்பின்மையும் கடைநிலைக் காவலரின் அன்றாடம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்ற அரசாணையே 2021-இல்தான் வந்தது. குற்றத்தைக் கண்டுபிடிக்க ஆளும் அவகாசமும் கருவிகளும் தராமல், 'நாளைக் காலைக்குள் பொருள் வந்தாக வேண்டும்' என்று மேலிருந்து வரும் அழுத்தம்தான் பல நேரங்களில் கீழே லத்தியாக இறங்குகிறது. ஆனால் இன்றைய உள்விசாரணை முறை யாரைக் காக்கிறது? வாய்மொழி உத்தரவிட்டவர் பெரும்பாலும் பதிவேட்டில் இருப்பதில்லை. லத்தியைப் பிடித்தவர் மட்டும் சிறைக்குச் செல்கிறார். உத்தரவின் ஊற்றைத் தேடக்கூடிய சுதந்திரமான விசாரணை, நேர்மையான காவலருக்குப் பாதுகாப்புதான். சாத்தான்குளத்தில் சாட்சி சொன்ன அந்தத் தலைமைக் காவலருக்கு நீதிமன்றம் பாதுகாப்பு அளிக்க உத்தரவிட வேண்டியிருந்ததே, உண்மை பேச விரும்பும் காவலருக்கு இன்று துறைக்குள் இடமில்லை என்பதைக் காட்டுகிறது.

செய்ய வேண்டியவை

முதலாவது, 2013-ஆம் ஆண்டின் சட்டத்தைத் திருத்தி, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில், காவல் துறையோடு தொடர்பற்ற உறுப்பினர்களையும் சொந்தப் புலனாய்வாளர்களையும் கொண்ட புகார் ஆணையத்தை அமைக்க வேண்டும். இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. ஒன்றிய அரசின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. காவல் துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது.

இரண்டாவது, கண்காணிப்பு கேமராக்கள். 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமராக்கள் வேண்டும் என்றும், பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்றும், அது இயலாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது. சாத்தான்குளத்தில் கேமரா இருந்தது. பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. பதிவைக் காக்கும் பொறுப்பு நிலையத்திடமே இருக்கும் வரை கேமரா வெறும் சுவர் அலங்காரம். மாவட்ட நீதிமன்றத்தின் பொறுப்பில் உள்ள சேமிப்பகத்துக்கு அது நேரடியாகச் சென்றாக வேண்டும்.

மூன்றாவது, அறிக்கைகளை வெளியிடுவது. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சி.டி.செல்வம் தலைமையில் தமிழ்நாடு ஒரு காவல் ஆணையத்தை அமைத்தது. அதன் பரிந்துரைகளும் அவற்றின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையும் வரிவரியாக மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். 1855 அறிக்கையின் வலிமை அது அச்சானதில் இருந்தது. லண்டனில் இருந்த காரல் மார்க்ஸ் அதைப் படித்து, 1857-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் அதைப் பற்றி எழுத முடிந்தது.

நான்காவது, சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கும் சட்டம். ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது, ஏற்புறுதி அளிக்கவில்லை. சட்ட ஆணையம் 2017-இல் தன் 273-ஆம் அறிக்கையோடு வரைவுச் சட்டம் ஒன்றையே தயாரித்துத் தந்தது. நாடாளுமன்றத்தில் தமிழகத்துக்கு 39 மக்களவை உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சாத்தான்குளத்துக்கும் மடப்புரத்துக்கும் நேரில் சென்று ஆறுதல் சொன்ன கட்சிகள், இந்தச் சட்டத்துக்காக டெல்லியில் என்ன பேசின என்று வாக்காளர்கள் கேட்க வேண்டும்.

சென்னைக் காவல் ஆணையரகம் நெடுங்காலம் இயங்கிய எழும்பூர் மாளிகை 2021 முதல் காவல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சென்று பார்க்கும் இடம் அது. தன் வரலாற்றைப் பெருமையோடு காட்ட ஒரு துறைக்கு உரிமை உண்டு. அந்தப் பெருமைக்குரிய காவலர்களும் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். ஆனால் அந்தத் துறையின் பிறப்புச் சான்றிதழ் 1855-ஆம் ஆண்டின் அறிக்கைதான். 519 பேர் அன்று சென்னை அரசு அமைத்த ஆணையத்தின் முன் நேரில் வந்து தங்கள் காயங்களைப் பற்றிச் சொன்னார்கள். கேட்பதற்குக் காவலர் அல்லாத ஒருவரும் அங்கே இருப்பார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. அந்த நம்பிக்கையை இன்றைய தமிழ்நாட்டின் குடிமக்களுக்கும் அளிப்பதிலிருந்தே காவல் சீர்திருத்தம் தொடங்க வேண்டும்.